லேப்டாப் கொடுத்தால் போதாது, பேட்டரியைக் கையாளவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை லேப்டாப்பைத் தொட்டே பார்க்காத பல லட்சம் வீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. மனதார வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் ஒரு குறை அன்று முதல் இன்று வரை அப்படியே இருக்கிறது. புதிதாக காஸ் இணைப்பு கொடுக்கும்போது ரெகுலேட்டரை எப்படி மூடுவது, கசிந்தால் என்ன செய்வது என்று செய்து காட்டிவிட்டுத்தான் சிலிண்டரை ஒப்படைக்கிறார்கள். லேப்டாப்புக்கு அப்படி யாரும் எதுவும் சொல்வதில்லை. பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கும். அது பெட்டியோடு பரணுக்குப் போய்விடும்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். லேப்டாப் பேட்டரிகள் அதிகமாகக் கெடுவதும் உப்புவதும் இந்த மாதங்களில்தான். அதனால் இப்போதே இதை எழுதுகிறோம். எழுதுகிறவர்கள் பழுதுபார்க்கும் மேசையில் தினமும் இவற்றைத் திறந்து பார்க்கிறவர்கள்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மாணவர் லேப்டாப்பில் 40 முதல் 50 வாட் அவர் கொள்ளளவுள்ள லித்தியம் அயான் பேட்டரி இருக்கும். 45 வாட் அவர் என்றால், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சக்தி. அது மூன்று செல்களுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். மூன்றும் தொடராக இணைவதால் லேபிளில் 10.8 அல்லது 11.1 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்மின் தகட்டையும் எதிர்மின் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். தகடுகள் நனைந்திருக்கும் திரவம் தீப்பிடிக்கக் கூடியது. அந்தப் படலம் கிழியாமலும் உருகாமலும் இருக்கும்வரை எந்த ஆபத்தும் இல்லை. அதை உருக்குவது வெப்பம். துளைப்பது அழுத்தமும் உலோகத் துகளும். 2006-ல் சோனி தயாரித்த செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துபோனதால் டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற்றன. உலகின் பெரிய தொழிற்சாலையிலேயே ஒரு துகள் இவ்வளவு செய்யும் என்றால், தெருமுனைக் கடையில் செல்லைப் பிரித்துக் கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

வெப்பத்துக்கு வருவோம். இந்தப் பேட்டரிகளை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்யலாம் என்பது பொதுவான வரம்பு. கீழ் எல்லை ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியல் தவிர நமக்குத் தேவைப்படாது. மேல் எல்லைதான் நம் பிரச்சினை. வேலூரிலோ கரூரிலோ தகரக் கூரை போட்ட அறைக்குள் மத்தியானம் 40 டிகிரி சர்வசாதாரணம். அதோடு பிராசசரின் சூடும் சார்ஜ் ஏறும்போது வரும் சூடும் சேர்ந்தால் பேட்டரி 45-ஐத் தாண்டிவிடும். அப்போது உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். திரையில் 'சார்ஜர் இணைந்துள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். இதைப் பார்த்ததும் பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏறத் தொடங்கும். ஆறட்டும் என்று ஃபிரிட்ஜுக்குள் வைப்பதும், அடியில் ஈரத்துணி விரிப்பதும் பெரிய தவறு. வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்து, அந்த ஈரம் போர்டைக் கெடுத்துவிடும்.

சார்ஜ் அளவும் வெப்பமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முழு சார்ஜோடு 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு சும்மா வைத்திருந்தாலே லித்தியம் அயான் பேட்டரியில் ஏறத்தாழ 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும். அதே வெப்பத்தில் 40 சதவீத சார்ஜோடு வைத்திருந்தால் 85 சதவீதம் மிஞ்சும். 25 டிகிரி அறையில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96. பயன்படுத்தாமலே வரும் தேய்மானம் இது. எந்நேரமும் சார்ஜரிலேயே 100 சதவீதத்தில் நிற்கும் லேப்டாப், நம் ஊர் வெயிலில், இந்த மூன்றில் மிக மோசமான நிலையில்தான் இருக்கிறது. கொள்ளளவு குறைவதோடும் இது நிற்காது. உயர் மின்னழுத்தமும் சூடும் சேர்ந்து உள்ளே இருக்கும் திரவத்தைச் சிதைத்து வாயுவாக்கும். உப்பல் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மருந்து லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. அனேக நிறுவனங்கள் 80 சதவீத வாக்கில் சார்ஜை நிறுத்தும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. லெனோவாவில் வான்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். ஏசூஸில் மைஏசூஸ் செயலியிலும், ஏசரில் அதன் கேர் சென்டர் செயலியிலும் பார்க்கலாம். டெல்லில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போனால் பிரைமரிலி ஏசி யூஸ் என்றும், ஹெச்பியில் பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்றும் கிடைக்கும். மேசையிலேயே வைத்து வேலை செய்பவர்கள் இதை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள் தயங்குவது புரிகிறது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி 80 சதவீதத்திலேயே எழுத்து வேலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். மறுநாள் ஆன்லைன் தேர்வு என்றால் முந்தின இரவு வரம்பை நீக்கி முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

புது லேப்டாப்பை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், முழுதாக இறங்கவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும் என்று இன்றும் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டும் நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கங்கள். பாதியில் ஏற்றி ஏற்றிப் பழகினால் அந்தப் பாதியையே முழு அளவாக நினைத்துக்கொள்ளும் கோளாறு அவற்றுக்கு உண்டு. லித்தியத்துக்கு அந்த நினைவுக் கோளாறு கிடையாது. இதற்கு நல்லது 20-க்கும் 80-க்கும் இடையில் புழங்குவது. பூஜ்யம் வரை வடியவிடுவது கெடுதல்.

பேட்டரியின் உடல்நிலையை அறியத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையைப் பேட்டரிரிப்போர்ட் என்ற சேர்க்கையோடு கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். எந்தக் கோப்புறையில் சேமித்தது என்பதையும் அதுவே காட்டும். அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவு ஒரு வரியிலும், இப்போது முழுதாக ஏறினால் கிடைக்கும் கொள்ளளவு அடுத்த வரியிலும் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பேட்டரியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே மாதத்தில் தடாலென்று இறங்கினால் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, லேப்டாப்பை எங்கே வைக்கிறோம் என்பது. பெரும்பாலானவை அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துப் பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே தள்ளுகின்றன. மெத்தை, தலையணை, போர்வை மேல் வைத்தால் அடித்துளைகள் அடைபட்டுப் போகும். பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. அது பக்கத்தில் படுத்துக்கொண்டு சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். தனியாக ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. பரீட்சை அட்டையை அடியில் கொடுத்தாலே போதும். மடியில் வைத்து நீண்ட நேரம் வேலை செய்பவர்களுக்கும் அதுவே நல்லது. மாதக்கணக்கில் அந்தச் சூடு பட்டால் தொடையில் வலைப்பின்னல் போலத் தோல் கறுத்துப் போகும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும்.

ஓராண்டுக்கு ஒருமுறை விசிறித் தூசியை எடுக்க வேண்டும். புளோயர் வைத்து ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேகமாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

யாரும் கவனிக்காத ஒரு விஷயம் பை. இப்போது வரும் லேப்டாப்புகளில் மூடியை மூடினால் அது முழுதாகத் தூங்குவதில்லை. செல்போனைப் போல அரைத்தூக்கத்தில் கிடந்து, அவ்வப்போது விழித்து அப்டேட் தேடும். பஞ்சு வைத்த பைக்குள் அடைத்து வைத்த நிலையில் அது விழித்துக்கொண்டால் காற்றே கிடைக்காது. பையைத் திறக்கும்போது கை வைக்க முடியாத சூடு, சார்ஜும் காலி என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்ததைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றிவையுங்கள். அல்லது பைக்குள் வைக்கும் முன் ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே உள்ள டிக்கியில் லேப்டாப் வைக்காதீர்கள். அடியில் இன்ஜின் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வேண்டாம்.

சார்ஜரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அடாப்டரின் லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்ப் என்று இருந்தால் அது 65 வாட் அடாப்டர். மாற்றி வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 90 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் அடாப்டரைச் செருகினால் அடாப்டர் தன் சக்திக்கு மேல் உழைத்துக் கொதிக்கும், அல்லது லேப்டாப் அதை ஏற்க மறுக்கும். அடாப்டரின் பின் லேப்டாப்புக்குள் போகிறது என்பதால் மட்டும் அது சரியான சார்ஜர் ஆகிவிடாது. சில கம்பெனிகளின் பின்னுக்கு நடுவில் ஊசி போல ஒன்று இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரியைக் குறை சொல்லும் முன் அந்த ஊசியைப் பாருங்கள்.

டைப்-சி சார்ஜர் என்றால் பவர் டெலிவரி வசதி உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்ப் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்ப் என்று குறிப்பிட்ட, உள்ளே சிப் பதித்த கேபிள் தேவை.

அடாப்டரிலிருந்து வயர் புறப்படும் இடத்திலும், பின்னுக்குப் பக்கத்திலும்தான் உறை முதலில் பிய்யும். அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றுவது தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லி வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். உள்ளே இருப்பது நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலைக்கம்பி. உறை பிய்ந்த இடத்தில் வலைக்கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். மிச்சமுள்ள சில இழைகள் வழியாக மூன்று ஆம்ப் போகும்போது அந்த ஒரு புள்ளி மட்டும் சுடும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அந்த அடாப்டரின் ஆயுள் முடிந்தது. பின்னை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்ற நிலையும் அதேதான். அங்கே பொறி பறக்கிறது, உள்ளே ஜாக் கருகுகிறது. ஜாக்கை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. போர்டு வரை கருகவிட்டால் லேப்டாப்பே போய்விடும்.

லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று கரண்ட் அடிக்கிறது என்பது மாணவர் விடுதிகளில் அடிக்கடி கேட்கும் புகார். அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மூன்றாவது பின் வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டோ, இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டியோ பயன்படுத்தினால் அது போக வழியில்லாமல் உடலில் தேங்கி நிற்கும். அந்த அளவு கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த அறையில் எர்த் இல்லை என்பதை அது உங்களுக்குச் சொல்கிறது. அதே பாயின்ட்டில் நாளை தண்ணீர் ஹீட்டரைச் செருகப் போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். இரட்டைச் சதுரக் குறி போட்ட இரண்டு பின் அடாப்டர்களுக்கு எர்த் தேவையில்லை, அவற்றில் லேசான சுணைப்பு இருப்பது வழக்கம்.

விடுதி அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு லேப்டாப் ஓடுவது பிரச்சினையே இல்லை. நான்கும் சேர்ந்து 260 வாட்தான். அதே பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் அது மட்டுமே 6.5 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் பாக்ஸ் அதைத் தாங்காது, இளகும், பக்கத்தில் கிடக்கும் மெத்தை பற்றும். இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். நியூட்ரல் அறுந்து விளக்குகள் திடீரெனப் பளீரென்று எரிந்தாலும் அப்படியே.

இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது உப்பலைப் பற்றியதாக இருக்கட்டும். பேட்டரி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். டச்பேட் அழுத்த வராது, அல்லது ஓர் ஓரம் மேலே தூக்கும். மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். அடிமூடிக்கும் உடலுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி தெரியும். கீபோர்டின் நடுப்பகுதி மேடாகும். மூடி சரியாகப் பொருந்தாது. சில சமயம் இனிப்பான ஒரு கரைப்பான் வாசனை, நெயில் பாலிஷ் நீக்கியைப் போல, மூக்கில் ஏறும். டச்பேட் வேலை செய்யவில்லை என்று மௌஸ் வாங்கி மாட்டிக்கொண்டு அதன் பிறகும் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். டச்பேடில் எந்தக் கோளாறும் இல்லை. அடியிலிருந்து பேட்டரி அதை முட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படித் தெரிந்தால் அந்தக் கணமே சார்ஜரைப் பிடுங்குங்கள். கோப்புகளை எடுக்க வேண்டும் என்று மறுபடி சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் மிச்சம் இருந்து, சூடும் வாசனையும் இல்லாமல் இருந்தால் மட்டும் முக்கியமான சிலவற்றை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஷட்டவுன் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் அதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ எங்கேயும் போகாது, பேட்டரியைக் கழற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். மூடியை அழுத்திப் பூட்டப் பார்க்காதீர்கள். மேலே புத்தகம் அடுக்காதீர்கள். சிமென்ட் தரையில் அல்லது டைல்ஸ் மீது, துணியும் காகிதமும் இல்லாத இடத்தில் வைத்து, மறுநாளே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். போகும்போது பைக்குள் திணிக்காமல், நசுங்காதபடி தட்டையாக எடுத்துச் செல்லுங்கள்.

காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று ஊசியால் குத்தச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. ஊசி அந்த மெல்லிய படலத்தையும் சேர்த்துத்தான் துளைக்கும். இரண்டு தகடுகளும் ஊசி வழியே தொட்டுக்கொண்ட நொடியில் உள்ளே சூடு ஏறும். 80 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் தாமாகவே வெப்பத்தைக் கக்கத் தொடங்கும். 130 டிகிரி வாக்கில் படலம் முழுதும் உருகும். அதற்கு மேல் அதை நிறுத்த யாராலும் முடியாது. நேர்மின் தகடே ஆக்சிஜனைக் கொடுப்பதால் அந்தத் தீக்கு வெளிக்காற்றுகூடத் தேவைப்படாது. பேட்டரியைக் கழற்றும் வேலை செய்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: ஒட்டியிருக்கும் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பசை நாடாவின் நுனியை மெதுவாக இழுங்கள், அல்லது பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து விடுவியுங்கள்.

இன்னொரு ஆபத்தான பழக்கம் 'பூஸ்ட்' கொடுப்பது. படிப்பு முடிந்ததும் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துவிட்டு ஓராண்டு கழித்து எடுத்தால் பேட்டரி ஏறாது. மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கிவிட்டதால் கட்டுப்பாட்டுச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. செல் அவ்வளவு கீழே இறங்கும்போது உள்ளே எதிர்மின் தகட்டைத் தாங்கும் செம்புத் தாள் கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்துவிடும். சில கடைகளில் சுற்றைத் தாண்டி, செல்லுக்கு நேரடியாகப் பவர் சப்ளை கொடுத்து உயிரூட்டிக் கொடுக்கிறார்கள். அப்போதைக்கு ஓடும். அது எப்போது சூடாகும் என்று கொடுத்தவராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பேட்டரியைத் தூக்கிப் போடுவதே சரி. இந்த நிலையே வராமல் தடுக்க, 50 சதவீத சார்ஜோடு முழுதாக அணைத்து வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மீண்டும் 50-க்குக் கொண்டுவந்து வையுங்கள்.

பழைய மாடல்களில் செல்லை மட்டும் மாற்றித் தருவதும் நடக்கிறது. வெவ்வேறு வயதுள்ள செல்களைத் தொடராகக் கட்டினால் பலவீனமான செல் முதலில் வடிந்து, மற்றவற்றின் அழுத்தத்தில் கெடும். செல்லின் முனையில் சால்டரிங் அயர்னை வைத்துப் பற்ற வைத்தால் உள்ளே படலம் வாடும். தொழிற்சாலையில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வது அதனால்தான். வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டரை மீண்டும் செல்லோடு ஒட்டாமல் விட்டுவிட்டால் காவலே இல்லாமல் போய்விடும்.

புதிய பேட்டரி வாங்கும்போது பழையதன் பார்ட் நம்பர், வோல்ட், வாட் அவர் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். லேபிளில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேட்டரிக்கான தரம் ஐஎஸ் 16046. அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று காட்டும். எண் பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். அடாப்டருக்கும் இதே சோதனை.

புகை வந்தால்? கையில் எடுத்து வெளியே எறிய ஓடாதீர்கள். வழியிலேயே வெடித்துக் கையும் முகமும் வெந்துவிடும். எட்டும் என்றால் சுவர் சுவிட்சை அல்லது மெயினை அணையுங்கள். எல்லோரையும் அறையை விட்டு வெளியேற்றுங்கள். அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு உண்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதி என்றால், தூர நின்று தண்ணீர் ஊற்றலாம், நிறைய ஊற்ற வேண்டும். லித்தியம் என்றால் தண்ணீரே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். இந்தப் பேட்டரியில் உலோக லித்தியம் தனியாகக் கட்டியாக இல்லை. தீயை அணைப்பதைவிட முக்கியம் பக்கத்துச் செல்லைக் குளிர்விப்பது, அதற்குத் தண்ணீரை விட்டால் வேறில்லை. பவுடர் தீயணைப்பான் சுடரை அடக்கும், சூட்டை எடுக்காது. அதனால் அணைந்தது போலத் தெரிந்து ஐந்து நிமிடம் கழித்து அடுத்த செல் வெடிக்கும். தீ பெரிதாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வரி: 100 வாட் அவருக்கு உட்பட்ட பேட்டரிக்குத் தடையில்லை, ஆனால் கழற்றிய உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்.

கடைசியாக, கெட்ட பேட்டரி எங்கே போவது? 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. பயன்படுத்துகிறவர் அதை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது. நடைமுறையில் கிராமத்து மாணவருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பக்கத்தில் இடமே இல்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள், இல்லையென்றால் குப்பைத் தொட்டி. குப்பை வண்டியின் அமுக்கத்தில் அது நசுங்கினால் தீப்பிடிப்பது தூய்மைப் பணியாளரின் தலைக்கு மேலே. அவர் என்ன பாவம் செய்தார்?

எனவே உயர்கல்வித் துறைக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள்கள். மடிக்கணினி வழங்கும் நாளிலேயே, மேடை நிகழ்ச்சி முடிந்ததும், அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு மின்னணுவியல் ஆசிரியரைக் கொண்டு 80 சதவீத வரம்பைப் போடவும் உப்பலை அடையாளம் காணவும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடுதி அறையிலும் பிளக் பாயின்ட்டுகளுக்கு எர்த் இருக்கிறதா என்று கோடை விடுமுறையிலேயே சோதித்துவிடுங்கள். கல்லூரிக்கு ஒரு சேகரிப்புப் பெட்டி வையுங்கள்: மூடியுள்ள தகர டின், பாதி அளவுக்கு உலர்ந்த மணல், கனெக்டர் முனைகளை ஒட்ட ஒரு சுருள் டேப். டின் அலுவலகத்துக்குள் வேண்டாம். நிழலான வராந்தாவில், சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். நிரம்பும் வரை காத்திருக்காமல் மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுநீக்கும் தொழில் செய்பவர்கள்,
திருச்சிராப்பள்ளி